புது வேலையில் ஒரு குறையை முதலில் யாரிடம் சொல்வது?

கேள்வி: மதுரையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அங்கே பல வருடமாக இருக்கும் அக்கா ஒருவர் ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்திருந்தார். அதைக் கண்டுபிடித்து மேலாளரிடம் சொன்னேன். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உடன் வேலை பார்ப்பவர்களோடு நல்ல உறவை எப்படி ஏற்படுத்திக்கொள்வது?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் என்னுடைய முதல் மாதம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. ஏறக்குறைய இதையேதான் நானும் செய்தேன், உங்களைவிட மோசமாக. நீங்கள் கண்டுபிடித்த பிழையாவது உண்மையான பிழை.

டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த கையோடு, திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மதுரையில் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஓடுகிற மெஷினிலிருந்து நூல் பாபின்களை எடுத்து வந்து, 120 கெஜம் சுற்றி எடை போடுவது என் வேலை. 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் நூலின் நம்பர் வந்துவிடும்; நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. 40ஆம் நம்பர் நூல் என்றால் 120 கெஜம் 1.62 கிராம் இருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை எனக்கு 1.71 வந்தது. மறுபடியும் எடை போட்டேன், அதேதான். 40 ஓட வேண்டிய மெஷினில் 38 ஓடுகிறது என்று அறிக்கை எழுதி, நேராக மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

பத்தே நிமிடத்தில் மேலாளர் ஷெட்டுக்குள் வந்து அந்த ஷிப்ட் மேஸ்திரியை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே உழைத்த மனிதர். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மெஷின் ஓரமாக நின்ற ஒரு தள்ளுவண்டியை மட்டும் கையால் காட்டினார். முதல் நாள் இரவு வரை அந்த மெஷினில் 38ஆம் நம்பர்தான் ஓடியிருக்கிறது. விடிகாலையில்தான் 40க்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய பாபின்கள் கலந்துவிடக் கூடாது என்று அவர்தான் அவற்றை அந்த வண்டியில் ஒதுக்கி வைத்திருந்தார். நான் எடுத்து வந்தது அந்த வண்டியிலிருந்து. அந்த ஆலையில் 38க்குப் பச்சை பாபின், 40க்கு மஞ்சள் பாபின். பாபின் கழற்றும் வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே தெரிந்துகொள்வது அது. எனக்குத் தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு என்னிடம் யாரும் கோபப்படவில்லை. மரியாதை கூடிவிட்டது, அதுதான் என்னை வாட்டியது. ‘தம்பி’ என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் ‘சார்’ என்றார்கள். பாபின் கேட்டால் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். பத்து மணி டீக்கு வழக்கமாகக் கூப்பிடுகிறவர் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் டீ நேரத்தில், எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதே மேஸ்திரியிடம் போய் நின்றேன். “அண்ணே, அன்றைக்குத் தப்பு என்னுடையது. உங்களிடம் கேட்காமல் மேலே கொண்டுபோனது அதைவிடப் பெரிய தப்பு. மேலாளரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, “உட்காருங்கள் தம்பி, டீ ஆறுகிறது” என்றார். அந்தத் ‘தம்பி’யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் அது என் மனபாரத்தைத்தான் குறைத்திருக்கும். அவருக்குத் தலைகுனிவு வந்தது நாற்பது பேர் முன்னால். அந்த நாற்பது பேர் காதிலும் என் வார்த்தை விழ வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வித்தியாசம் கண்ணில் பட்டாலும் முதலில் அந்த மெஷினைப் பார்ப்பவரிடம் போவேன். “அக்கா, இதில் எனக்கு இப்படி வருகிறது, ஏன் என்று சொல்லுங்களேன்” என்பேன். பாதிக்கு மேல் அவர்களிடமே பதில் இருக்கும். மீதி உண்மையான பிழை. அவர்களே சரிசெய்துவிட்டு, ‘சரிசெய்தாயிற்று’ என்று சேர்த்து எழுதச் சொல்வார்கள். அறிக்கை மேலே போவது நிற்கவில்லை. மறைப்பதற்கு நான் ஒருநாளும் துணை போனதில்லை, நீங்களும் போகாதீர்கள். பெயர் அடிபடப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அவர்கள் வேலையை உங்கள் கையால் ஒருமுறையாவது செய்து பாருங்கள். ஸ்பின்னிங் ஷெட்டில் இரைச்சல் அதிகம், பேச்சு காதில் விழாது. புருவத்தாலும் விரலாலும்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே ஓர் அக்காவிடம் அறுந்த இழையைச் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். பாபினைச் சுழற்றும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். நிமிடத்துக்குப் பதினையாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அதை முழங்காலால் பிரேக் அழுத்தி நிறுத்த வேண்டும். பாபினிலிருந்து நுனியைப் பிடித்து, வளையத்தில் ஓடும் சிறு கொக்கியில் மாட்டி, மேலே உருளையிலிருந்து இறங்கும் பஞ்சோடு ஒட்ட வேண்டும். அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் இழை அறாமல் ஓடியபோது, வரிசையின் மறுகோடியில் இருந்தவர் கையை உயர்த்திக் காட்டினார். நான் இருக்கிறேன் என்பதை அந்த ஷெட் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மதுரைப் பக்கம் விசேஷங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதணி விழா, வீடு குடிபோவது என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். கட்டாயம் போங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மொய் மட்டும் கூட இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் வழக்கத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று புது ஆள் பெரிய தொகை எழுதினால், அந்த வீட்டுக்காரருக்கு அது நோட்டில் ஏறிய கடன். உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு விடுப்புக் கேட்காதவர் எங்கள் ஆலையில் கிடையாது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் நிறையப் பேர், மேஸ்திரியும் அதில் ஒருவர். எனக்கு அங்கே குடும்பம் இல்லாததால் மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வருடம் முழுக்கச் சிரித்துப் பேசினாலும் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு இரவில் கிடைத்தது. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு நாள் யாருக்காவது இருக்கும். விசாரித்து வையுங்கள்.

“எந்த ஊர், அங்கே எந்தப் பக்கம்?” என்று சாதியைத் தடவிப் பார்க்கிறவர்களும் வருவார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லோரோடும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். இரண்டு கோஷ்டி இருந்தால் முதல் ஆறு மாதம் எதிலும் சேர வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். பில் இரண்டு முறை ஏறியது உண்மை. அப்படியே விட்டிருந்தால் உள்ளீட்டு வரியும், அதாவது வாங்கிய சரக்குக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வதும், இரண்டு முறை எடுத்ததாகி, நிறுவனம் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வந்திருக்கலாம். எனவே கண்டுபிடித்ததற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். “அக்கா, முதலில் உங்களிடம் வந்திருக்க வேண்டும், வராமல் போனது என் தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் வரும். அப்போது கொள்முதல் பில்களைச் சரிபார்க்கும் வேலையில் பாதியை நீங்கள் கேட்டு வாங்குங்கள். அவர் எப்படிச் சரிபார்க்கிறார் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

நாளைக்கே அவர் மேசைக்குப் போங்கள். காலையில் அலுவலகம் காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டாம். எல்லோரும் வந்து உட்காரட்டும், அதன் பிறகு போங்கள்.