அழித்துவிட்டால் போதுமா?

கேள்வி: நேர்காணல் நன்றாகத்தான் போனது. என் முகநூல் பக்கத்தைப் பார்த்த பிறகு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியில் நான் எழுதுவது என் சொந்த விஷயம் இல்லையா? பேசாமல் எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: டைரியில் எழுதியிருந்தால் சொந்த விஷயம்தான். ஊரே படிக்கும் இடத்தில் எழுதிவிட்டு, வேலை கொடுப்பவர் மட்டும் படிக்கக் கூடாது என்றால் எப்படி? அமெரிக்காவில் கேரியர்பில்டர் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-இல் நிறுவனங்களிடம் இதைக் கேட்டது. விண்ணப்பித்தவரின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்ப்பதாக 70 சதவீதம் பேர் சொன்னார்கள்.

நானும் பார்ப்பேன். எங்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலைக்கு ஓர் இளைஞர் வந்தார். மெய்ப்பு திருத்தக் கொடுத்த நான்கு பக்கத்தையும் ஓர் ஒற்றுப்பிழைகூட விடாமல் திருத்தித் தந்தார். அன்று மாலை அவர் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய அரசியல் எனக்கு நேர் எதிர். அது எனக்குப் பொருட்டே இல்லை. அப்புறம் பின்னூட்டங்களைப் படித்தேன். யாரோ ஒரு பெண் தன் முதல் கவிதையைப் போட்டிருக்கிறார். அதில் ஒரு சந்திப்பிழை. இவர் அதைச் சுட்டிக்காட்டியதோடு நிற்கவில்லை. ‘போய் அடுப்படியைப் பாரு’ என்கிறார். அந்தப் பெண் தவறுக்கு வருத்தம் தெரிவித்த பிறகும் விடாமல் பதினொரு பதில்கள். புதிதாக எழுத வருபவர்கள் வாரந்தோறும் எங்களுக்குக் கதை அனுப்புகிறார்கள். அவற்றை இவர் கையில் எப்படிக் கொடுப்பேன்?

உங்களை எதற்காக வேண்டாம் என்றார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. கர்ப்பமா, என்ன மதம், யாருக்கு ஓட்டு என்று துழாவுவதற்காகவே பக்கத்தைத் திறக்கிற முதலாளிகளும் உண்டு. அது அயோக்கியத்தனம். அப்படிப்பட்டவர்களுக்குப் பயந்து நீங்கள் ஒரு கருத்தையும் விழுங்க வேண்டாம்.

சரி, அழிப்பதற்கு வருகிறேன். ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன் பல வருடங்களுக்கு முன் ட்விட்டரில் போட்டிருந்த ஆபாச நகைச்சுவைகளை 2018-இல் யாரோ தோண்டி எடுத்தார்கள். டிஸ்னி அவரை நீக்கியது. நாம் மறந்துபோனதை வேறொருவர் எடுத்து வைத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவரோடு வேலை செய்த நடிகர்கள் அவருக்காகத் திறந்த மடல் எழுதினார்கள். 2019-இல் டிஸ்னியே திரும்ப அழைத்துக்கொண்டது. பழகியவர்கள் நமக்காகப் பேச வேண்டும் என்றால், பழகிய விதம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தைக் காலியாக்குவதும் உதவாது. இணையத்தில் ஆளையே காணோம் என்றால் நேர்காணலுக்குக் கூப்பிடத் தயங்குவோம் என்று அதே கணக்கெடுப்பில் 47 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இன்று இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முகநூலில் நீங்கள் செய்ததையெல்லாம் வரிசையாகக் காட்டும் செயல்பாட்டுப் பதிவைத் (Activity Log) திறந்து, அடுத்தவர் பக்கங்களில் நீங்கள் போட்ட பின்னூட்டங்களை மட்டும் படியுங்கள். நம் பக்கத்தில் நாம் ஒழுங்காகத்தான் இருப்போம். வாய் நீளுவதெல்லாம் அங்கேதான். யாரையாவது புண்படுத்தியிருந்தால் முதலில் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அழிப்பது அதற்கப்புறம். அந்தக் கவிதைக்குக் கீழே அப்படி இரண்டு வரி இருந்திருந்தால், மறுநாள் காலையிலேயே அந்த இளைஞரைக் கூப்பிட்டிருப்பேன்.