வாரக்கடைசி ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எஞ்சின் ஆயில்? கேள்வி பதில்

வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களின் எஞ்சின் ஆயில் பற்றிக் கேளுங்கள். மாடல், வருடம், ஒருமுறை வெளியே எடுத்தால் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள், ட்ராக்கில் ஓட்டுவீர்களா என்ற நான்கையும் எழுதினால் பதில் சரியாக வரும்.

கேள்வி (கோவை, போலோ ஜிடிஐ 2016): வருஷத்துக்கு 1,800 கி.மீ.தான் ஓடுகிறது. ஃபுல் சிந்தெடிக் 10,000 கி.மீ. தாங்கும், அதனால் ஐந்து வருஷம் கழித்து மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். டிப்ஸ்டிக்கில் ஆயில் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்கிறது.

போதாது. வருஷம் ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக்கணக்கையும் போட்டு ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

காரணம் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும் இறங்கும். ஆயில் 90, 100 டிகிரியில் அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஓடாவிட்டால் அங்கேயே தங்கி அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்கும் காரச்சத்துதான் ஆயிலின் டிபிஎன். அது கிலோமீட்டரால் மட்டும் தீர்வதில்லை, நின்றுகொண்டிருக்கும்போதும் தீரும். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 5 சதவீதம் பெட்ரோல் கலந்த ஆயிலும் தேன் நிறத்திலேயே இருக்கும், ஆனால் 40 கிரேடு 30-இன் இடத்துக்கு இறங்கியிருக்கும் (கிரேடு எண் கூடினால் ஆயில் கெட்டி). டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் காத்திருக்க வேண்டாம்.

அவரே: சரி சார், எதை ஊற்றுவது?

ஃபோக்ஸ்வாகன் 502 00 ஒப்புதல் எண் டப்பாவின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் 5டபிள்யூ-40. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரிலும், பின்னுள்ள எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும். ‘ஒப்புதல் பெற்றது’ என்பதும் ‘502 00 தேவைப்படும் கார்களுக்கு ஏற்றது’ என்பதும் வேறு வேறு. முதலாவது, கார் கம்பெனி சோதித்துக் கொடுத்தது. இரண்டாவது, ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. கூடவே ஏபிஐ எஸ்பி (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் ஆயில் தரம்) என்று இருந்தால் நல்லது. 2020-இல் வந்த அந்தத் தரத்தில், டர்போ நேரடி இஞ்செக்‌ஷன் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் முன்கூட்டியே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கும், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): எந்த பிராண்ட் பெஸ்ட்?

ஒப்புதல் எண் உள்ள எந்த பிராண்டும். மாடலைச் சொல்லாததால் எண்ணைச் சொல்ல முடியவில்லை.

கேள்வி (சென்னை, போர்ஷே பாக்ஸ்டர் 2004, 2.7 லிட்டர்): மாதம் இரண்டு தடவை ஈ.சி.ஆர். வரை. வருஷம் 1,500 கி.மீ. இந்த எஞ்சினின் பேரிங் பற்றிப் படித்துப் பயந்திருக்கிறேன். ஆயிலால் காப்பாற்ற முடியுமா?

பயத்தில் நியாயம் உண்டு. உங்கள் காரில் கிராங்கின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுக்குக் கடத்தும் இடைத்தண்டின் முனையில் ஒற்றை வரிசை பால் பேரிங் இருக்கிறது. க்ரீஸ் வைத்து மூடி, இருபுறமும் ரப்பர் சீல் போட்டது. நாள்பட சீல் இறுகும், சூடான ஆயில் உள்ளே புகுந்து க்ரீஸைக் கழுவிவிடும். அதன்பின் பேரிங்குக்குக் கதி, உள்ளே புகுந்த அந்த ஆயில்தான். அதில் தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் இருந்தால் பேரிங் குண்டுகளில் குழி விழும். நிறைய ஓடும் கார்களைவிட நிற்கும் கார்களில் இந்தத் தொல்லை அதிகம் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். பேரிங்கை ஆயில் குணப்படுத்தாது. ஆனால் கெட்ட ஆயில் அதை விரைவாகக் கொல்லும்.

போர்ஷே ஏ40 ஒப்புதல் உள்ள 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 போடுங்கள். ஏ40 என்றால் 150 டிகிரியில் வேகமாக உரசும் பரப்புகளுக்கு நடுவில் அளக்கும் பிசுக்கு, அதாவது எச்டிஎச்எஸ், 3.5-க்குக் குறையாது. இரண்டில் நான் சொல்வது 5டபிள்யூ-40. நம் ஊரில் கார் 20 டிகிரிக்குக் கீழே ஸ்டார்ட் ஆவதே அபூர்வம், 0டபிள்யூவின் குளிர் லாபம் உங்களுக்குத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எட்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். எட்டு ஊற்றி, ஓட்டி, சமதளத்தில் அளவு பார்த்து மீதியைச் சேருங்கள். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், 50 நியூட்டன் மீட்டர். ஃபில்டர் மூடி பிளாஸ்டிக், அதற்கு 25 போதும்.

ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே காகித மடிப்புதான். கத்தியால் இரு ஓரமும் அறுத்து, மடிப்பை விரித்து, வெள்ளைத் துணியில் ஒற்றி, வெயிலில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மினுங்கும் துணுக்கு இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி (திருச்சி): ஓட்ட நேரமில்லை, ஆனால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். ஆயில் சுற்றினால் நல்லதுதானே?

நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்: நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அப்போது 50, 60 டிகிரியில்தான் இருக்கும். தண்ணீரும் பெட்ரோலும் உள்ளே போகும், வெளியே வராது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கூழ் படிவது இதனால்தான். மாதம் ஒருமுறை 40 நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். அதுவும் முடியாதென்றால் புது ஆயிலோடு, தொடாமல் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர், மாஸ்டா எம்எக்ஸ்-5, 2.0): 0டபிள்யூ-20 போடுவதா, 5டபிள்யூ-30 போடுவதா? ட்ராக் கிடையாது.

உங்கள் நாட்டுக் கையேட்டில் இரண்டும் இருந்தால் 5டபிள்யூ-30.

குறுக்கே ஒருவர் (மதுரை): மன்னிக்கணும் சார். நம்ம வெயிலுக்கு 30 எல்லாம் தண்ணி மாதிரி. எந்த வண்டியானாலும் 20டபிள்யூ-50தான் நிக்கும். முப்பது வருஷமா பட்டறையில எல்லாரும் அதைத்தான் ஊத்துறாங்க.

இன்னொருவர் (சிங்கப்பூர்): அப்படியானால் ஜப்பான்காரன் எதற்கு 0டபிள்யூ-20 என்று மூடியிலேயே அச்சிடுகிறான்? கம்பெனியைவிடப் பட்டறைக்குத் தெரியுமா?

இரண்டு பேருமே பாதி சரி.

மதுரை அண்ணனுக்கு முதலில். எஞ்சினுக்குள் வெயில் அடிப்பதில்லை, தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே 20 டிகிரியோ 40 டிகிரியோ, சாலையில் சாதாரணமாக ஓடும் காரின் ஆயில் 90-லிருந்து 105-க்குள்தான் நிற்கும். கெட்டி ஆயில் கெடுதல் செய்வது ஸ்டார்ட் செய்யும்போது. 40 டிகிரியில் 20டபிள்யூ-50-இன் கெட்டித்தன்மை சுமார் 160 சென்டிஸ்டோக்ஸ், 5டபிள்யூ-40 சுமார் 85, 0டபிள்யூ-20 சுமார் 45. எஞ்சின் எதிர்பார்ப்பது 100 டிகிரியில் இருக்கும் பத்துப் பதினான்கைத்தான். ஆக, மதுரை மதியத்தில்கூட ஸ்டார்ட் ஆகும்போது எல்லா ஆயிலும் அளவுக்கு மீறிக் கெட்டிதான். இரண்டு வாரம் நின்ற எஞ்சினில் கேம் ஷாஃப்ட் காய்ந்திருக்கும். அங்கே ஆயில் இரண்டு விநாடி முன்னால் போய்ச் சேருவதுதான் முக்கியம். இன்றைய எஞ்சின்களில் வால்வு டைமிங்கை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான், அந்தச் சல்லடைகளும் துளைகளும் நூல் போன்றவை. பட்டறை முப்பது வருஷமாக ஊற்றியது அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு. அவற்றுக்கு அது சரியாகவே இருந்தது.

சிங்கப்பூர் நண்பருக்கு. 20 கிரேடு மூடியில் வந்ததற்கு எரிபொருள் சிக்கன விதிகள் பெரிய காரணம். அதே எஞ்சினுக்கு ஒரு நாட்டுக் கையேடு 0டபிள்யூ-20 மட்டும் சொல்லும், இன்னொரு நாட்டுக் கையேடு 5டபிள்யூ-30-ஐயும் அனுமதிக்கும். எஞ்சின் ஒன்றுதான், சட்டம்தான் வேறு. 20 கிரேடுக்கு எச்டிஎச்எஸ் 2.6 இருந்தால் போதும், 30-க்கு 2.9 வேண்டும். வாரக்கடைசிக் காரில் பெட்ரோல் கலந்து ஆயில் இளகும் என்பது தெரிந்த விஷயம். இளகுவதற்கு ஒரு படி இடம் விட்டு வைப்பது புத்தி. அதனால்தான் 30. கையேடு அனுமதிக்காத 50-க்குத் தாவுவது அந்தப் புத்தியில் சேராது.

மதுரை: அப்போ ட்ராக்ல ஓட்டுறவனுக்கு?

அங்கே உங்கள் பேச்சு எடுபடும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ட்ராக்கிலோ இருபது நிமிடம் விரட்டினால் ஆயில் 130-ஐத் தாண்டலாம். அந்தச் சூட்டில் 40 கிரேடு, 100 டிகிரியில் 20 கிரேடு எப்படி இருக்குமோ அதைவிடவும் இளகியிருக்கும். ஆயில் கூலர் இல்லாத கார் என்றால் கையேடு அனுமதிக்கும் வரம்பில் மேல் கிரேடு போடுங்கள். ஆயில் அளவு மேல் கோட்டுக்கு அருகில் இருக்கட்டும், தாண்ட வேண்டாம். தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரை பேரிங்கைத் தாங்காது. வீடு திரும்பியதும் ஆயில் மாற்றம், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல்.

சிங்கப்பூர்: இ46 எம்3-க்கு 10டபிள்யூ-60 என்று பிஎம்டபிள்யூவே சொன்னதே?

சொன்னது, அந்த எஸ்54 எஞ்சினுக்கு. 8,000 ஆர்.பி.எம். சுற்றும் எஞ்சினுக்குச் சொன்னதை எடுத்து 320-இல் ஊற்றக்கூடாது. 10டபிள்யூ-60 சூடாகுமுன் விரட்டினால் பேரிங் பாழ். முதல் பதினைந்து, இருபது நிமிடம் 3,500-க்குக் கீழே ஓட்டுங்கள். இத்தோடு கிரேடு வாதத்தை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (பெங்களூரு, எம்ஜிபி, பழைய கார்): எதிலும் ஒப்புதல் எண் இல்லையே.

உங்களுக்கு வேறு கணக்கு. தட்டை டாப்பெட் எஞ்சின். கேமும் டாப்பெட்டும் உரசி ஓடுபவை, துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மானம் 1,000-லிருந்து 1,200 பிபிஎம் இருக்கவேண்டும். இன்றைய பெட்ரோல் கார் 5டபிள்யூ-30-இல் பாஸ்பரஸ் 800-க்கு மேல் போகாது, கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக. பழைய கார்களுக்கென்றே வரும் 20டபிள்யூ-50 போடுங்கள். கிடைக்காதபோது ஏபிஐ சிஐ-4 டீசல் 15டபிள்யூ-40 கைகொடுக்கும். மதுரை அண்ணனின் ஆயில் இங்கேதான் சரி.

கேள்வி (ஈரோடு): ஆயிலோடு ஊற்றும் அடிட்டிவ்?

வேண்டாம். சமன் செய்த கலவையில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எந்த கம்பெனி ஆயில் நல்லது சார்?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சென்னை): ரேஸிங் ஆயில் என்றே விற்கிறார்களே, அது இன்னும் உசத்தி இல்லையா?

வாரக்கடைசிக் காருக்கு அது மோசமான தேர்வு. பந்தய ஆயிலை ஓரிரு பந்தயத்தில் வடித்துவிடுவார்கள், அதனால் கழுவும் சத்தும் துருத் தடுப்பும் குறைவாகவே போட்டிருப்பார்கள். உங்கள் கார் மாதத்தில் 28 நாள் நிற்கிறது. உங்களுக்குத் தேவை அந்த இரண்டும்தான்.

கேள்வி (புதுச்சேரி): அசல் சிந்தெடிக் என்றால் பிஏஓ (வேதிமுறையில் தயாரிக்கும் அடி எண்ணெய்) மட்டும்தானே? மற்றதெல்லாம் ஏமாற்றா?

1999-இல் அமெரிக்காவில் காஸ்ட்ரோலும் மொபிலும் இதே சண்டை போட்டு, விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு காஸ்ட்ரோல் பக்கம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து, கச்சா எண்ணெயை நன்றாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் வகை அடி எண்ணெயும் சிந்தெடிக் என்ற பெயரில் விற்கிறது. ஒப்புதல் சோதனையில் தேறிய ஆயிலின் அடி எண்ணெய் எதுவாக இருந்தாலும் வருஷம் ஒருமுறை மாற்றுகிறவருக்குக் கவலையில்லை.

கேள்வி (சென்னை): அக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காக நிறுத்தி வைப்பேன். ஆயிலை நிறுத்துமுன் மாற்றுவதா, எடுக்கும்போதா?

நிறுத்துமுன். அழுக்கு ஆயிலின் அமிலம் மூன்று மாதம் பேரிங்கைத் தின்ன விடாதீர்கள். 40 நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடித்து, சொட்டு நிற்கும்வரை விட்டு, புது ஃபில்டர், புது வாஷர், புது ஆயில். பிறகு இன்னும் 20 நிமிடம் ஓட்டினால் புது ஆயில் எல்லா இடத்திலும் படியும். அதன்பின் நிறுத்தி, தொடாமல் விடுங்கள்.

கேள்வி (அதே சென்னை): நடுவில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் செய்யலாமா?

திருச்சிக்காரருக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறேன். கூடாது. பேட்டரிக்காகக் கேட்கிறீர்கள் என்றால் சார்ஜர் மாட்டுங்கள்.

கேள்வி (வேலூர்): கியர் ஆயில்?

தனியாகக் கேளுங்கள், இது எஞ்சின் ஆயில்.

மறுபடி (சென்னை பாக்ஸ்டர்): சொன்னபடி போன மாத ஃபில்டரைப் பிரித்தேன், டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். கண்ணிமை முடி அளவில் ஐந்தாறு துணுக்குகள். காந்தத்தில் ஒட்டுகின்றன. கார் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தமில்லை.

இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், பட்டறைக்கு ஓட்டிப் போவதற்காகக்கூட. ஒட்டுவது எஃகு, இந்த எஞ்சினில் முதல் சந்தேகம் அந்தப் பேரிங்தான். அது நொறுங்கும் கடைசி நாள்வரை சத்தம் வராமலே இருக்கலாம். ஃபில்டரை மூடிய பையில் வையுங்கள், கழுவ வேண்டாம். சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) இருக்கும் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, அதிலும் காந்தம் விட்டுப் பாருங்கள். நடுப்பகுதி ஆயிலில் 100 மில்லி தனியாக எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். காரைத் தட்டு லாரியில் ஏற்றி, இந்த எஞ்சினில் கியர்பாக்ஸ் இறக்கிப் பழகிய பட்டறைக்கு அனுப்புங்கள். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றினால் பேரிங் கண்ணுக்குத் தெரியும். 2004 எஞ்சினில் இருப்பது எஞ்சினைப் பிளக்காமலே மாற்றக்கூடிய பேரிங். ஆனால் துணுக்கு எஞ்சின் முழுக்கச் சுற்றியிருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றி மூடக்கூடாது. சம்பைக் கழற்றி அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.