உங்கள் ரசனைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத தொடர் எதையாவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். 'வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக்-ஜூ'. 2016 நவம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த கொரியத் தொடர், மொத்தம் 16 எபிசோட்.

கொலை, விசாரணை, கோர்ட் என்று இருந்தால்தான் நான் கொரியத் தொடர் பக்கமே போவேன். கல்லூரிக் காதல் என்றால் எழுந்துவிடுவேன். தங்கைக்கு டெங்கு வந்து படுக்கையில் இருந்த நாட்களில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, ரெண்டு எபிசோட் மட்டும் பாரு. பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றாள். காய்ச்சலில் கிடப்பவளிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

கதை ஒரு விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. போக்-ஜூ பளுதூக்கும் வீராங்கனை. அப்பா சிக்கன் கடை நடத்துகிறார். சின்ன வயதில் அவளோடு படித்த ஜுன்-ஹியுங் அங்கே நீச்சல் வீரன். அவனுக்கு அண்ணன் முறையான ஜே-யி, உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்தும் டாக்டர். போக்-ஜூவுக்கு முதலில் மனசு போவது டாக்டர் மேல்தான். அவரை அடிக்கடி பார்க்க வேறு வழி தெரியாமல், யாருக்கும் சொல்லாமல் அந்தக் கிளினிக்கிலேயே சேர்ந்துவிடுகிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் செல்லோ வாசிக்கிறேன் என்று பொய்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பளுதூக்குதலில் எடைப் பிரிவுகள் உண்டு. போட்டிக்காக அவளை எடை கூட்டச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள். கிளினிக்கிலோ குறைக்க வேண்டும். ஒரே பெண் இரண்டு எடை மெஷின்களில் மாறி மாறி ஏறுகிறாள். ஒன்றில் எண் ஏற வேண்டும், மற்றதில் இறங்க வேண்டும். காதல் கதைக்குள் இப்படி ஒரு முடிச்சு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எந்தத் துப்பறியும் தொடருக்கும் குறையாத பதைபதைப்பு அது, எப்போது மாட்டிக்கொள்வாளோ என்று.

மாட்டிக்கொள்வது போட்டி நாளில். கையில் சாக் பவுடர், இடுப்பில் பெல்ட். நிமிர்ந்தால் பார்வையாளர் வரிசையில் டாக்டர். பெயர் கூப்பிட்ட பிறகு ஒரு நிமிடத்துக்குள் பளுவைத் தூக்கியாக வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. வெட்கப்படவோ ஓடி ஒளியவோ அவளுக்கு நேரமே இல்லை. அந்தக் காட்சியில் தங்கையும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போக்-ஜூவோடு விடுதி அறையில் இருக்கும் ஷி-ஹோவையும் சொல்லியாக வேண்டும். ரிப்பன், பந்து வைத்து இசைக்கேற்ப உடலை வளைத்து ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ஒரு பிடி சோற்றுக்கும் பயந்து, மனம் உடைந்துபோகிற பெண். ஒரே அறையில் ஒருத்தி சாப்பிட்டாக வேண்டும், இன்னொருத்தி சாப்பிடவே கூடாது. தொடரில் எனக்கு மிகவும் வலித்தது இவள் கதைதான், ஆனால் அதற்குக் கொடுத்த நேரம் போதாது.

ஜுன்-ஹியுங்கின் பிரச்சினை வேறு மாதிரி. ஒருமுறை தொடக்க ஒலிக்கு முன்பே குதித்துவிட்டு, அந்தப் பயத்திலிருந்து மீள முடியாமல் தவிக்கிறான். நீச்சலில் அதற்கு மறுவாய்ப்பு கிடையாது, நேரே தகுதி நீக்கம்தான். தென்கொரியாவின் பார்க் டே-ஹ்வானுக்கே 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 14 வயதில், இப்படி நடந்தது. நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் அதே 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். அது தெரிந்ததால் இந்தப் பையன் மனநல ஆலோசனைக்குப் போகும் காட்சிகளை நான் அக்கறையோடு பார்த்தேன்.

குறையும் உண்டு. நாயகி லீ சுங்-கியுங் மாடலாக இருந்தவர். பாத்திரத்துக்காகக் கொஞ்சம் எடை கூட்டினார் என்றாலும், அவரை 'குண்டு' என்று கூப்பிடும்போது கண் நம்ப மறுக்கிறது. அவர் நடையும், கால் அகட்டி உட்காரும் விதமும், தோழிகளோடு சேர்ந்து இறைச்சியை வெளுத்து வாங்குவதும்தான் அதைச் சரிக்கட்டுகின்றன. ஒளிபரப்பானபோது ரேட்டிங் பெரிதாக வரவில்லை என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்தக் கதைக்குத் தூண்டுதல் ஜாங் மி-ரான் என்ற நிஜ வீராங்கனை. கடைசி எபிசோட் முடிந்த ராத்திரி, அவருடைய 2008 பெய்ஜிங் போட்டி வீடியோவைத் தேடி எடுத்தோம். பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 140 கிலோ. அப்புறம் கிளீன் அண்ட் ஜெர்க், முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேல் என்று இரண்டு கட்டமாகத் தூக்குவது. தங்கம் உறுதியாகிவிட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி முயற்சிக்கு 186 கிலோ ஏற்றச் சொல்லி, அதையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். மொத்தம் 326, உலக சாதனை. தங்கை தலையணையில் சாய்ந்தபடி, "இன்னொரு தடவை போடு அண்ணா" என்றாள். போட்டேன்.