டெஸ்க்டாப்புக்குச் சரியான ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் டிரைவர் எது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் ‘சாட்டா டிரைவர்’, ‘ரெய்டு டிரைவர்’, ‘இன்டெல் ஆர்எஸ்டி’, ‘விஎம்டி’ என்று பல கோப்புகள் கிடக்கின்றன. டிவைஸ் மேனேஜரில் இப்போது இருக்கும் டிரைவரோ 2006-ஆம் வருடத் தேதியைக் காட்டுகிறது. சரி, விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால் டிஸ்க்கே தெரியவில்லை. இதில் எதை இறக்கிப் போடுவது?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய செட்டிங் திரை) போய்ப் பாருங்கள். எந்த டிரைவர் வேண்டும் என்பதை, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் சிப்) அங்கே எந்த மோடில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முடிவு செய்துவிடுகிறது. மோடு தெரியாமல் டிரைவர் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

காரணம் இதுதான். போர்டில் இருக்கும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது தன்னைப் பற்றிச் சில எண்களைச் சொல்லும். ஒன்று, தயாரித்த நிறுவனத்தின் எண்: இன்டெல் என்றால் 8086, ஏஎம்டி என்றால் 1022. இன்னொன்று, அது என்ன வகை என்று சொல்லும் கிளாஸ் கோடு. ஸ்டோரேஜ் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இது 01 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. 0106 என்றால் சாட்டா (ஹார்டு டிஸ்க்குகளின் வழக்கமான இணைப்பு), 0108 என்றால் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டிகளின் முறை), 0104 என்றால் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது). பழைய ஐடிஇ மோடு என்றால் 0101.

உங்கள் கம்ப்யூட்டரில் இதைப் பார்க்க எந்த மென்பொருளும் வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்’, ‘ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்ஸ்’ இரண்டையும் விரியுங்கள். கன்ட்ரோலர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ். மேலே உள்ள பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமாக நாலைந்து வரிகள் வரும். அவற்றில் ‘சிசி’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் நான் சொல்லும் கிளாஸ் கோடு. அங்கே ‘மைக்ரோசாஃப்ட் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் கன்ட்ரோலர்’ என்று ஒன்றும் இருக்கும். அது விண்டோஸ் தானாக உருவாக்கிக்கொள்வது, போர்டில் அப்படி ஒரு சிப்பே கிடையாது. அதற்கு டிரைவர் தேட வேண்டாம்.

0106 அல்லது 0108 வந்தால் உங்கள் வேலை அநேகமாக முடிந்தது. ஏஎச்சிஐயும் (சாட்டா கன்ட்ரோலரோடு விண்டோஸ் பேசும் முறை) என்விஎம்இயும் எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொதுத் தரங்கள். ஏஎச்சிஐ 2004-இல் வந்தது, என்விஎம்இயின் முதல் பதிப்பு 2011-இல் வெளியானது. அதனால் ஒரே டிரைவரை எழுதி வைத்தால் யார் செய்த கன்ட்ரோலராக இருந்தாலும் ஓடும். விண்டோஸ் 8 முதல் ஏஎச்சிஐக்கு ‘ஸ்டோர்ஏஎச்சிஐ’ என்ற டிரைவரும், 8.1 முதல் என்விஎம்இக்கு ‘ஸ்டோர்என்விஎம்இ’ என்ற டிரைவரும் கூடவே வருகின்றன. ஒரு எஸ்எஸ்டியோ இரண்டு ஹார்டு டிஸ்க்கோ வைத்து, ரெய்டு எதுவும் போடாமல் பயன்படுத்துபவருக்கு இவையே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரான ஆர்எஸ்டி போட்டால் வேகம் கூடும் என்பார்கள். அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை.

எஸ்எஸ்டியை மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் செருகியதாலேயே அது என்விஎம்இ ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது. அப்படியானால் அது ஏஎச்சிஐ கன்ட்ரோலருக்குக் கீழேதான் நிற்கும். ஏஎச்சிஐயில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள் மட்டும். என்விஎம்இயில் 65,535 வரிசைகள் வரை அனுமதி. இந்த இடைவெளியை எந்த டிரைவரும் நிரப்பாது.

அந்த 2006 தேதிக்கு வருகிறேன். நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்கள் வழக்கமாக 21-6-2006 என்றே காட்டும். அது வேண்டுமென்றே வைத்த தேதி. ஒரே சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் புதிய தேதி உள்ளதை எடுக்கும். தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரைத் தன்னுடைய பொது டிரைவர் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தன் தேதியைப் பின்னால் வைத்திருக்கிறது. டிரைவர் பழசா புதுசா என்று தெரிய வேண்டுமானால் பதிப்பு எண்ணைப் பாருங்கள், அது உங்கள் விண்டோஸ் பதிப்போடு சேர்ந்தே நகரும். இன்டெல் சிப்செட் டிரைவர்களில் 18-7-1968 என்றுகூடத் தேதி பார்க்கலாம். அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள். இந்தத் தேதிகளைக் காட்டித்தான் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்கள் பயமுறுத்துகின்றன. கிராஃபிக்ஸ் டிரைவர் தவறிப்போனால் திரைதான் மங்கும். ஸ்டோரேஜ் டிரைவர் தவறிப்போனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அந்த மாதிரி மென்பொருளிடம் ஸ்டோரேஜ் டிரைவரை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள்.

இனி 0104. உங்கள் டிஸ்க் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து விஎம்டி என்ற ஏற்பாடு பரவலாக வந்தது. இதை ஆன் செய்தால் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு முன்னால் விஎம்டி வாசல் காவலாளி மாதிரி நின்றுகொள்ளும். விண்டோஸுக்கு அந்த 0108 கண்ணில் படாது, 0104 என்று சொல்லும் விஎம்டி மட்டும்தான் தெரியும். அதோடு பேச இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவர் வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டால் திரையில் அது இல்லாவிட்டால் டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். பிராண்டட் டெஸ்க்டாப்கள் பலவற்றில் விஎம்டி ஆன் ஆகியே வருகிறது.

உங்களுக்கு இரண்டு வழி. ரெய்டு தேவையில்லை, டிஸ்க்கில் காப்பாற்ற வேண்டியதும் எதுவுமில்லை, புதிதாகத்தான் விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால் பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். டிஸ்க் தானாகத் தெரியும். நான் சொல்வது இந்த வழியைத்தான். பின்னால் ரிக்கவரி பென் டிரைவ் போட்டு எழுப்பும்போதும் அங்கே டிரைவர் கேட்டு நிற்காது.

ரெய்டு வேண்டும் என்றால் டிரைவரை பென் டிரைவில் வைத்து ‘லோடு டிரைவர்’ கொடுக்க வேண்டும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டவுன்லோடு செய்த செட்டப் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு, ‘கையொப்பமிட்ட டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை’ என்ற பதிலைப் பார்த்துத் திகைப்பார்கள். இன்ஸ்டால் திரைக்கு வேண்டியது செட்டப் அல்ல, அதற்குள் இருக்கும் ஐஎன்எஃப், சிஸ், கேட் (.inf, .sys, .cat) கோப்புகள். மதர்போர்டு பக்கத்தில் ‘எஃப்6’ என்று பெயரிட்ட ஜிப் இருந்தால் அதை எடுத்து, விரித்து, ஃபோல்டராகப் போடுங்கள். (எக்ஸ்பி காலத்தில் இன்ஸ்டால் நடுவே எஃப்6 தட்டி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் கொடுப்போம், அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) ஆர்எஸ்டியின் பதிப்பு உங்கள் பிராசசர் தலைமுறைக்குப் பொருந்த வேண்டும். இருப்பதிலேயே புதியதுதான் நல்லது என்று எடுத்தால் ‘இந்தத் தளத்துக்கு ஆதரவு இல்லை’ என்று நின்றுவிடலாம். அதனால் இன்டெல் தளத்தைவிட உங்கள் மதர்போர்டு மாடலின் பக்கமே பாதுகாப்பானது.

ஒரு எச்சரிக்கை. ‘மீடியா டிரைவர் இல்லை’ என்று வரும் பிழை வேறு. அது பெரும்பாலும் பென் டிரைவ் சரியாக எழுதப்படாததால் வருவது. ஸ்டோரேஜ் டிரைவரைத் தேடி அலையாமல் வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் விண்டோஸை மறுபடி எழுதுங்கள்.

ஏஎம்டி போர்டு என்றால் இந்தத் தலைவலி குறைவு. மாற்றாமல் விட்டால் ஏஎச்சிஐ, என்விஎம்இ மோடிலேயே இருக்கும். ரெய்டு மோடுக்குப் போனால் மட்டும் மூன்று டிரைவர்களை வரிசை மாறாமல் கொடுக்க வேண்டும்: முதலில் ஆர்சிபாட்டம், பிறகு ஆர்சிரெய்டு, கடைசியில் ஆர்சிசிஎஃப்ஜி. முதலாவதைக் கொடுத்ததும் டிஸ்க் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் மோடு மாற்றுவதுதான் உண்மையிலேயே ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டிய வேலை. சும்மா பயாஸில் போய் மாற்றினால் நீலத் திரையும் ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்ற வரியும் வரும். விண்டோஸ் எழும்போது பழைய மோடின் டிரைவரை மட்டும் ஏற்றும், புதிய மோடுக்கான டிரைவர் டிஸ்க்கில் இருந்தும் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து, ‘மினிமல்’ வைத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் நுழைந்து மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்து தேவையான டிரைவரை எழுப்பிக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி) இருந்தால் இதற்கெல்லாம் முன் அதை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க ரிக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11-இல் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கக்கூடும். சேஃப் மோடுக்குள் நுழைய ‘பின்’ (PIN) எண் எடுபடாமல் போகலாம், அக்கவுன்ட் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும். ரெய்டில் டேட்டா இருந்தால் மோடை மாற்றவே மாற்றாதீர்கள்.

நீங்கள் மாற்றாமலே மோடு மாறுவதும் உண்டு. ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் இரண்டு ஹார்டு டிஸ்க்கை ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே நகல் இருக்கும்) வைத்து, எடுத்த படம் எல்லாவற்றையும் அதில் சேமித்து வந்தார். ஒரு நாள் ஆன் செய்ததும் நீலத் திரை. முதலில் பார்த்தவர் டிரைவர் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்து விண்டோஸ் போட வேண்டும் என்றிருக்கிறார். நல்லவேளை, ஸ்டுடியோக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் பெட்டியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். பயாஸைத் திறந்தேன். மேல் மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்து, பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய், சாட்டா மோடு ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறியிருந்தது. புது பேட்டரி போட்டு, மோடைத் திரும்ப ரெய்டு ஆக்கியதும் அப்படியே எழுந்துகொண்டது. ரெய்டு பற்றிய விவரம் அந்த டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும், அதனால் படங்கள் பத்திரமாக இருந்தன. அன்றைக்கு ஃபார்மட் செய்திருந்தால் எத்தனை பேருடைய கல்யாணப் படங்கள் போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது. பயாஸ் அப்டேட் செய்தாலும் இதே மாதிரி செட்டிங் அழிந்துபோகலாம். இன்றே உங்கள் பயாஸின் ஸ்டோரேஜ் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி நிறுவனங்கள் தரும் டிரைவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாம்சங் தன் 950, 960, 970 வரிசை என்விஎம்இக்குத் தனி டிரைவர் கொடுத்தது. 980 ப்ரோ போன்ற பின்னால் வந்தவை விண்டோஸின் டிரைவரிலேயே ஓடுகின்றன. விஎம்டி ஆன் ஆகியிருந்தால் எஸ்எஸ்டி நிறுவனத்தின் டிரைவரைப் போட்டாலும் ஒட்டாது, டிஸ்க் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது. சில போர்டுகளில் கூடுதல் சாட்டா போர்ட்டுகளுக்கென்று ஏஎஸ்மீடியா போன்ற வேறு நிறுவனத்தின் சிப் இருக்கும். அதன் ஐடியிலும் 0106 என்றிருந்தால் விண்டோஸ் டிரைவரே போதும். ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எப்போதும் சிப்செட்டின் சொந்த போர்ட்டில் செருகுங்கள்.

லினக்ஸும் சேர்த்துப் போடும் எண்ணம் இருந்தால் மோடை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஏஎச்சிஐயும் என்விஎம்இயும் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, என்விஎம்இ டிரைவர் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. விஎம்டிக்கும் கர்னலில் டிரைவர் உண்டு. விஎம்டி வருவதற்கு முந்தைய இன்டெல் போர்டுகளில் சாட்டா மோடை ரெய்டு என்று வைத்து, என்விஎம்இ எஸ்எஸ்டியையும் அதன் பின்னால் மறைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த எஸ்எஸ்டி மட்டும் லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது. ‘பயாஸை ஏஎச்சிஐக்கு மாற்று’ என்று கர்னலே லாக்கில் எழுதி வைக்கும். அப்போதும் மேலே சொன்ன சேஃப் மோடு வழியில் முதலில் விண்டோஸை ஏஎச்சிஐக்குக் கொண்டுவந்து, அது ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்த பிறகே லினக்ஸ் பென் டிரைவைச் செருகுங்கள்.