பாகு தீர்கிறது, கூட்டம் மெலிகிறது: குறை மகரந்தத்தில்

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 15 பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். மழை பிடித்த ஜூன் முதல் வாரந்தோறும் சீனிப்பாகு கொடுக்கிறேன். செலவு கட்டுபடியாகாமல் சில வாரங்கள் வெல்லத்தையும் கரைத்து வைத்தேன். பாகு மிச்சமின்றித் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஈக்கள் குறைகின்றன, அடையில் புழுவே இல்லை. இரண்டு பெட்டிகளில் கூட்டம் ஓடிவிட்டது. இப்போது அக்டோபர். பாகைக் கூட்டினால் ரப்பர் தேன் வருவதற்குள் கூட்டங்கள் தேறுமா?

பதில்: பாகைக் கூட்ட வேண்டாம். உங்கள் தேனீக்களுக்கு வயிறு நிறைகிறது, குஞ்சு வளர்க்கத்தான் சத்து இல்லை. பறப்பதற்கும் கூட்டைக் கதகதப்பாக வைத்திருப்பதற்கும் சீனி போதும். புழு வளர வேண்டிய புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு எல்லாம் மகரந்தத்திலிருந்துதான் வரவேண்டும். இளம் வேலைக்காரத் தேனீ மகரந்தத்தைத் தின்றால்தான் அதன் தலையிலுள்ள சுரப்பிகள் புழுவுக்கு ஊட்டும் பாலைச் சுரக்கும். பால் இல்லாதபோது ராணி முட்டையிட்டும் பயனில்லை. பசித்த கூட்டம் தன் இளம் புழுக்களையே தின்றுவிடும். நீங்கள் அடையில் புழுவைக் காணாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ரப்பர் தோட்டத்தில் இந்தக் குறை கூடுதலாகவே இருக்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து கிடைப்பதல்ல. தளிர் இலைக் காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறுவது. தேன் கொட்டும் மாதத்திலும் மகரந்தத்துக்குத் தென்னை, தொட்டாற்சுருங்கி என்று வேறு மரம் செடிகளைத்தான் நம்ப வேண்டும். விடாத மழையில் அவையும் கைகொடுக்காது.

மழை வெறித்த ஒரு காலையில் முதலில் இதைச் சோதியுங்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வாசலருகே சிறிது நேரம் நின்று, உள்ளே வரும் ஈக்களின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடை கட்டியிருக்கும் ஒரு மரச்சட்டத்தை எடுத்து, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அடையின் கண்ணறைக்குள் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். நல்ல கூட்டத்தில் இளம் புழு வெள்ளைப் பாலில் மிதந்துகொண்டிருக்கும்; புழு உள்ள கண்ணறைகளைச் சுற்றி மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்தம் நிரம்பிய கண்ணறைகள் வளையமாக இருக்கும். புழு உலர்ந்த கண்ணறைத் தரையில் ஒட்டிக் கிடந்து, அந்த வளையமும் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், மகரந்தப் பஞ்சம்தான். ஆனால் வளர்ந்த புழு தலையைத் தூக்கியபடி, நீர் கோத்த பை போல இறந்து கிடந்தால் அது வைரஸ் நோய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குமரி மாவட்டத் தேனீக்களை வாரிக்கொண்டுபோன தாய்லாந்து சாக்புரூட் நோய் இதுதான். அந்தப் பெட்டியின் அடையையோ தேனையோ மற்றப் பெட்டிக்கு மாற்றவே கூடாது. கடையில் வாங்கிய தேனைத் தீனியாக வைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான்.

பஞ்சம்தான் என்று தெரிந்தால் மாற்று உணவு கொடுங்கள். கொழுப்பு நீக்கிய சோயா மாவு மூன்று பங்கு, செயலிழக்கச் செய்த மதுவடிப்பு ஈஸ்ட் ஒரு பங்கு, கொழுப்பு நீக்கிய பால் பொடி ஒரு பங்கு என்பது வழக்கமான கலவை. பால் பொடியிலுள்ள லாக்டோஸ் தேனீக்கு ஆகாது என்பதால், நான் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். சோயா பச்சை மாவாக இருக்கக் கூடாது. வறுபடாத சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ரொட்டிக்கடை ஈஸ்டும் வேண்டாம், அது பெட்டிக்குள் புளித்துப் பொங்கும். பொடித்த சீனியும் கெட்டிப் பாகும் சேர்த்துச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, தட்டையாகத் தட்டி, எண்ணெய்த்தாளில் வைத்துப் புழு அறையின் (புழு வளரும் கீழ்ப் பெட்டியின்) சட்டங்களின் மேல் நேராகக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு விரல் தள்ளி வைத்தாலும் மெலிந்த கூட்டம் தேடி வராது. சிறிய அளவாகவே வையுங்கள். காய்ந்தாலோ பூசணம் பிடித்தாலோ எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஆனாலும் உண்மையான மகரந்தத்துக்கு எந்த மாவும் ஈடாகாது. பெட்டிகளைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு மாற்ற முடியுமானால் அதுவே முதல் வழி. தென்னையில் ஆண்டு முழுவதும் பாளை வெடித்துக்கொண்டே இருக்கும்.

வெல்லத்தை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள கசடு தேனீக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வெளியே பறந்து கழிக்க முடியாத மழை நாளில் கூடே நாறிப்போகும். வெள்ளைச் சீனியும் தண்ணீரும் சம எடை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகே சீனியைப் போட்டுக் கரையுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருக்கிய பாகு தேனீக்கு நஞ்சு. ஒரு கூட்டத்துக்கு வாரம் 200 மில்லி அளவில், ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி ஈர்க்குச்சிகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வைத்தால் ஒன்றையொன்று கொள்ளையடிக்காது. மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

தேறுமா என்று கேட்டீர்கள். முட்டை ஈயாக ஏறத்தாழ 20 நாளாகும். அந்த ஈ வெளியே தேன் எடுக்கப் போக மேலும் இரண்டு மூன்று வாரம். ஜனவரியில் தளிர் விடும்போது வேலைக்கு ஆள் வேண்டுமானால், நவம்பர் முடிவதற்குள் ராணி நிறைய முட்டையிட்டு, புழுவுக்குப் பாலும் கிடைத்திருக்க வேண்டும். ஆகவே மாவை இந்த வாரமே தொடங்குங்கள். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் முளைத்ததும், தேன் அறையை (தேன் சேர மேலே வைக்கும் பெட்டியை) ஏற்றுவதற்கு முன்பே பாகை நிறுத்திவிடுங்கள். அதன்பின் பாகு கொடுத்து எடுப்பது கலப்படமே, வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். ஏப்ரலில் தேன் எடுக்கும்போது புழு அறையிலுள்ள தேனைத் தொடாமல் விட்டால், அடுத்த ஜூனில் சீனிச் செலவும் குறையும்.

இரண்டு சட்டத்துக்கும் குறைவாக ஈ உள்ள கூட்டங்களைத் தனியே காப்பாற்றப் பார்க்காதீர்கள். பெட்டிகளைத் தினமும் ஓரடியாக நகர்த்திப் பக்கத்தில் கொண்டுவந்து, நலிந்த ராணியை நீக்கி, துளையிட்ட செய்தித்தாளை நடுவில் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுங்கள்; ஈக்கள் தாளைக் கடித்து வழி செய்துகொண்டு ஒன்றாகிவிடும். கூட்டம் ஓடிய இரண்டு பெட்டிகளிலுள்ள அடைகளை அந்துப்பூச்சி ஏறுமுன் உருக்கி மெழுகாக்கி, பெட்டியை வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.