பில் எவன்ஸின் கடைசி ட்ரியோ பதிவுகளைக் கேட்கலாமா, 1961 பதிவே போதுமா?

ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் தன் ட்ரியோவோடு (பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூவர் குழு) கடைசிக் காலத்தில் அவசர அவசரமாக வாசித்தார், அதனால் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 1961இல் எடுத்த பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். என்னிடமும் ஒருவர் இதையேதான் சொன்னார். அதை நம்பி ஏழு வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன், அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்களும் ஸ்காட் லஃபாரோ பாஸ் வாசித்த அந்தப் பதிவில்தான் தொடங்கியிருப்பீர்கள். அது மட்டம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நண்பர் ஒருவர் கீஸ்டோன் கார்னர் பதிவுகளை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோவின் அந்த ஜாஸ் கிளப்பில் 1980 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை வாசித்தவை, எட்டு வட்டுகள் கொண்ட தொகுப்பு. குழந்தை தூங்கிய பிறகு தினம் ஒரு வட்டு என்று கேட்டேன். முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் 'நார்டிஸ்' என்ற உருப்படி வந்தது. பியானோ மட்டும் தனியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, நிமிடங்கள் ஓடுகின்றன, மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்றே பிடிபடவில்லை, மற்ற இருவரும் தொடாமல் காத்திருக்கிறார்கள். ஒருவழியாக மெட்டு வந்து பாஸும் டிரம்ஸும் சேர்ந்த இடத்தில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு இரவின் 'நார்டிஸ்' வேறு வட்டில் இருக்கிறது, அதில் நுழைகிற வழியே வேறு.

அவசரம் இருக்கிறதா என்றால், சில இடங்களில் தாளம் முன்னால் ஓடுவது உண்மைதான். முந்தைய ஆண்டு அண்ணன் ஹாரியைப் பறிகொடுத்தவர், கல்லீரல் கெட்டு உடம்பு விழுந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 15 அன்று இறந்தபோது வயது 51தான். ஆனால் அந்த ஓட்டத்தைப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த உடம்போடு இரவுக்கு இரவு புதிதாகத் தேடியிருக்கிறார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

எடுத்ததும் கீஸ்டோனுக்குப் போகாதீர்கள். 1979 நவம்பர் பாரிஸ் கச்சேரி, பிறகு 1980 ஜூன் வான்கார்ட் பதிவுகள், அதற்கப்புறம் இது. என் வழி இது, வேறு வரிசை சொல்பவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மாதாமாதம் பணம் கட்டுகிற பாட்டுச் செயலியில் இந்த ஆல்பங்களைத் திறந்தால் எவன்ஸ் பெயர் மட்டும்தான் தெரிகிறது. மார்க் ஜான்சன் பாஸ், ஜோ லாபார்பெரா டிரம்ஸ். 'மை ரொமான்ஸ்' நடுவில் பியானோவும் பாஸும் ஒதுங்கிக்கொள்ள லாபார்பெரா தனியாக அத்தனை நேரம் வாசிக்கிறார். அவர் யார் என்று தெரிந்துகொள்ள நான் வேறு எங்கோ போய்த் தேட வேண்டியிருந்தது. இரண்டு பெயர் போட அவர்களுக்கு இடமா இல்லை? மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.