சின்ன கிராமப் பள்ளியில் குடிநீரைப் பாதுகாப்பாக வைப்பது எப்படி? ஆர்ஓ இயந்திரம் மாட்டினால் போதாதா?

நீங்களும் ஆசிரியர்தான் என்று நினைக்கிறேன். யாரோ நன்கொடையாகத் தருகிறேன் என்றிருப்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. ரிப்பன், போட்டோ, கொடுத்தவர் பெயர் பொறித்த பலகை, எல்லாம் ஜோர். ஃபில்டர் அடைத்துக்கொண்டதும் மாற்றித் தரத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் பழையபடி தொட்டித் தண்ணீருக்கே வந்துவிட்டார்கள்.

தொட்டிக்குத் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுவதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. எனக்குச் சந்தேகம். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் டிபிடி மாத்திரையைப் போட்டேன். இளஞ்சிவப்பு வர வேண்டும். துளிகூட நிறம் மாறவில்லை. ஸ்டோர் ரூமில் போய்ப் பார்த்தால் மூட்டை வாய் பிளந்து கிடக்கிறது. பவுடர் கட்டிதட்டிப்போய், மூக்கருகே கொண்டுபோனாலும் நெடியே இல்லை. ஈரமும் வெயிலும் பட்டால் குளோரின் போய்விடும், மிஞ்சுவது சுண்ணாம்புதான். அதைத்தான் அளந்து அளந்து போட்டிருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சமாக வாங்கி, இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறோம். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 8 கிராம். வாளியில் கரைத்து, கசடு தங்கியதும் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் நின்றால் சரி. அதற்குக் குறைந்தால் பவுடர் அளவைக் கூட்டிப் பாருங்கள். கலங்கல் தண்ணீரில் இது எடுபடாது. தொட்டியை முதலில் கழுவுங்கள்.

'குளோரின் உடம்புக்கு ஆகாதே' என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பே லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஐயா. ஆர்ஓவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஃபுளோரைடோ நைட்ரேட்டோ கூடுதலாக இருந்தால் குளோரினும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது. அதனால் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள்.

இதையெல்லாம் யார் செய்வது என்கிறீர்களா? நாம்தான். தொட்டிக்கு ஒரு பதிவேடு, கழிப்பறைக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் போட்டோ வேறு. போன முறை தொட்டி கழுவியதற்கு அனுப்பிய போட்டோவில் தேதி தெரியவில்லையாம், திரும்ப எடுக்கச் சொன்னார்கள். கழுவின தொட்டியை மறுபடி கழுவுவது மாதிரி நின்று எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு நாலாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. அதற்குப் பதிவேடு எதுவும் கிடையாது.